கோப்பி விரியனுக்கு மருந்தில்லை

"பாம்பு தீண்டித் தோட்டத் தொழிலாளி மரணம்" என்பது எங்கள் பத்திரிகைகளில் உட்பக்க மூலைக்குரிய நான்கு வரிச் செய்தி. நானும் அவ்வாறே எழுதியிருக்கிறேன். எந்தப் பாம்பு என்று ஒருமுறையேனும் கேட்டதில்லை.

பசறை, லுணுகலை, ஹப்புத்தளை என நீளும் ஊவாவின் தேயிலைச் சரிவுகளில் சருகுக்குள் சுருண்டு கிடப்பது கோப்பி விரியன். (கோப்பி அழிந்து தேயிலை வந்து ஒன்றரை நூற்றாண்டாகிறது, பாம்பு மட்டும் பழைய பெயரை விடவில்லை.) இலங்கையில் மிக அதிகம் பேரைக் கடிப்பது இதுவே. பெரும்பாலோர் வீக்கத்தோடும் வலியோடும் தப்பிவிடுகிறார்கள். சிலருக்கோ நுண்ணிய நாளங்களில் இரத்தம் உறைகிறது, செங்குருதிக் கலங்கள் சிதைகின்றன, சிறுநீரகம் செயலிழக்கிறது.

இந்நிலைக்குப் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை செய்வதுண்டு. நோயாளியின் பிளாஸ்மாவைப் பிரித்தகற்றிக் கொடையாளரின் பிளாஸ்மாவை ஏற்றுவார்கள். இதை ஒத்த, ஆனால் பாம்போடு தொடர்பற்ற, டிடிபி என்னும் அரிய நோயில் அதன் பயன் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. பத்தில் ஒன்பது பேரைக் கொன்ற நோய் அது. 1991இல் வெளியான கனடிய ஆய்வில், இச்சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 78 பேர் ஆறு மாதத்தின் பின்னும் உயிரோடிருந்தனர். பாம்புக்கடியில் அத்தகைய உறுதியான சான்று இல்லை. அங்கே உயிர்காப்பது உரிய நேரத்தில் கிடைக்கும் டயாலிசிஸ்தான்.

ஆகவே, பதுளைக்குப் பிளாஸ்மா இயந்திரம் வாங்கித் தருவதாக எவரேனும் மேடையில் முழங்கினால் நான் கைதட்டமாட்டேன். இயந்திரத்துக்கு நாடா வெட்டலாம். தோட்ட மருந்தகத்தில் இரவில் ஓர் ஆள் இருப்பதற்கும், நோயாளியை ஏற்றக் கொழுந்து லொறியல்லாத ஒரு வாகனம் நிற்பதற்கும் யார் நாடா வெட்டுவார்?

நச்சுமுறி மருந்தின் கதை இன்னும் கேவலமானது. நாம் பல்லாண்டுகளாக நம்பியிருக்கும் இந்திய மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கே உரியது. கோப்பி விரியன் கடிக்கு அதை ஏற்றினால் பயனில்லை. ஒவ்வாமை ஆபத்துத்தான் மிச்சம். கொழும்பு 7இன் பூந்தோட்டங்களில் இப்பாம்பு நாள்தோறும் கடித்திருந்தால் இந்தக் குறை இத்தனை காலம் நீடித்திருக்குமா?

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென 1912இலேயே சட்டம் வந்தது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குச் சென்றது. இன்று கேட்டால் கம்பனி அரசைக் காட்டுகிறது; அரசு கம்பனியைக் காட்டுகிறது. முழங்கால்வரைச் சப்பாத்துக்கூட இதில் யார் பொறுப்பு என்று தெரியாது!

சிறுநீரகப் பாதிப்பு கடிபட்ட அன்றே தெரியவேண்டும் என்பதில்லை. வீக்கம் வடிந்து லயத்துக்குத் திரும்பிய பின்னும் வரலாம். சிறுநீர் குறைந்தால் உடனே திரும்பி வா என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி அனுப்பவேண்டும். அதைத் தமிழில் சொல்லவேண்டும்.