கடல் கடந்து போகும் கத்தி

தொண்டு என்ற பெயரில் இன்று ஒரு வாணிகம் நடக்கிறது. தொண்டு செய்ய வருகிறவரே பணம் கட்ட வேண்டும். விமானக் கட்டணம் அவருடையது. உணவும் உறைவிடமும் அவர் செலவு. அதற்கு மேல், அழைத்துச் செல்லும் அமைப்புக்கு ஒரு பெருந்தொகை. இவ்வளவும் கட்டியவருக்கு, ஏதேனும் ஓர் ஏழை நாட்டில் பத்து நாளோ இரண்டு வாரமோ, தெருநாய்களுக்கும் பூனைகளுக்கும் கருத்தடை செய்யும் நடமாடும் மருத்துவக் கூடத்தில் ஓர் இடம் கிடைக்கும். மேனாடுகளில் பயிலும் நம் பிள்ளைகளுக்கும் இந்த அழைப்புகள் வருகின்றன. வாயில்லா ஜீவனுக்கு உதவப் போகிறேன் என்று மகனோ மகளோ கேட்கும்போது, எந்தப் பெற்றோருக்குத்தான் மறுக்க மனம் வரும்?

எல்லா அழைப்புக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லவே இதனை எழுதுகிறேன். சிலவற்றுக்குக் கொடுப்பது தருமம்; சிலவற்றுக்குக் கொடுப்பது ஊமை உயிரின் வதைக்குக் கூலி கொடுப்பதாகும்.

பணியைப் பழிப்பது என் நோக்கமன்று. நாய்வெறி நோயால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 மனிதர்கள் மடிகின்றனர் என்பது மதிப்பீடு. மனிதரைத் தாக்கும் இந்நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயின் வழியாகவே வருவது. கடிபட்டுச் சாகிறவர்களில் பத்துக்கு நான்கு பேர் பதினைந்து வயது நிரம்பாத சிறுவர்கள். இதற்கு ஊராட்சிகள் கண்ட பழைய மருந்து நஞ்சிட்ட இறைச்சியும் துப்பாக்கியும். எத்தனை கொன்றாலும் மிஞ்சியவை மீண்டும் பெருகின. தடுப்பூசி போட்ட நாயும் போடாத நாயும் ஒன்றாய்ச் செத்தன. நோய் மட்டும் சாகவில்லை. பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே கொண்டுபோய் விடுவதே அறிவான வழி என்பதை நம் சென்னை நகரமே 1960-களில் புளூ கிராஸ் வாயிலாகச் சொல்லத் தொடங்கிவிட்டது. எனவே கூடம் வேண்டும், கத்தியும் வேண்டும். அந்தக் கத்தி யார் கையில் இருக்கிறது என்பதுதான் வழக்கு.

கூடம் நடைபெறும் முறையைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். ஓர் ஊரின் பள்ளிக்கூடத்தையோ பொது மண்டபத்தையோ இரண்டொரு வாரத்துக்கு வாங்கிக்கொள்கிறார்கள். மேசைகளே அறுவை மேடைகளாகின்றன. விடியுமுன்பே வலையோடு ஒரு குழு தெருவுக்குப் போகிறது. வீட்டு நாயைக் கயிற்றில் கட்டிச் சிறுவர்கள் தாமே கொண்டு வருவதும் உண்டு. எடை பார்த்து மயக்க மருந்து ஏற்றுவது ஒரு மேசை. மயிர் மழித்துக் கழுவுவது ஒரு மேசை. அறுப்பது ஒரு மேசை. பின்னர் தரையில் விரித்த கம்பளியில் வரிசையாகக் கிடத்துகிறார்கள். மயக்கத்தில் உடற்சூடு இறங்கும். ஆதலால் பக்கத்திலேயே ஒருவர் அமர்ந்து, போர்த்தி, புரட்டி, மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். புகைப்படத்தில் விழாத வேலை இதுதான். உயிர் நிற்பதும் பெரும்பாலும் இதனால்தான். காதின் நுனியில் சிறு வெட்டு, இந்த நாய்க்கு முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

ஆண் நாய்க்குச் செய்வது எளிது. பெட்டைக்குச் செய்வது அப்படியன்று. வயிற்றைத் திறந்து, ஆழத்தில் கிடக்கும் சூலகத்தை இழுத்துப் பிடித்து, அதன் இரத்தக் குழாயைக் கட்டி அறுத்து, கருப்பையோடு வெளியே எடுக்க வேண்டும். அந்தக் கட்டு சற்றுத் தளர்ந்தால் இரத்தம் வயிற்றுக்குள்ளேயே கசியும். வெளியே தையல் அழகாக இருக்கும். உள்ளே உயிர் ஒழுகிக்கொண்டிருக்கும். மனிதப் பெண்ணுக்கு இதே அறுவையை, முன்பின் கத்தி பிடித்தறியாத ஒருவர் செய்தார் என்றால் நாடு பொறுக்குமா?

நான் சாட்டும் குற்றம் இங்கேதான் தொடங்குகிறது. பிரிட்டனில் 1966-ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவச் சட்டப்படி, பதிவு பெறாத ஒருவர் ஒரு நாயின் வயிற்றைத் திறக்க முடியாது. மாணவரென்றால் மருத்துவர் அருகில் நின்று மேற்பார்க்க வேண்டும். நம் நாட்டிலும் 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், மருத்துவத் தொழிலைப் பதிவு பெற்றவர்க்கே உரியதாக்கியிருக்கிறது. தம் நாட்டில் இப்படிக் கட்டுப்பட்டவர்கள், விமானம் ஏறி இறங்கியதும் எப்படி மருத்துவர் ஆனார்கள்? அமெரிக்காவில் கால்நடைக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர், விலங்குகளிடையே எத்தனை மணி நேரம் பணி செய்தார் என்று கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே கல்லூரி வாசலை இன்னும் மிதிக்காதவரைக் கூட அழைத்துப்போய், அறுவை மேசைப் பக்கம் நிறுத்தும் பயணங்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. பணக்கார நாட்டின் நாய்க்குச் சட்டம் காவல்; ஏழை நாட்டின் நாய் பயிற்சிப் பலகை. இதற்குத் தொண்டு என்று பெயர் சூட்டினால் அந்தச் சொல்லே நாணும்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை; தானே இரை தேடிக்கொள்ள அவிழ்த்தும் விடவில்லை. ஓர் உயிரைத் தன் கையால் இயலாததாக்கிய கணத்திலேயே, அதன் பொறுப்பு நம் தலையில் ஏறிவிடுகிறது என்றே நான் இதனைப் புரிந்துகொள்கிறேன். மயக்க ஊசி போட்டவன் அந்த நாயைக் கட்டிப்போட்டவனே. திங்களன்று அறுத்துவிட்டுச் செவ்வாயன்று விமானம் ஏறுகிறவன், தையல் பிரிந்து புழு வைத்து ஒரு மூலையில் கிடக்கும் நாய்க்கு யாரைக் காட்டிவிட்டுப் போகிறான்?

பயிற்சி இல்லாமல் மருத்துவர் எப்படி உருவாவார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நீலகிரியில் நம் உதகமண்டலத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. 2003-இல் பிரிட்டனில் தொடங்கிய வேர்ல்டுவைடு வெட்டர்னரி சர்வீஸ் என்னும் அமைப்பு அங்கே ஒரு பயிற்சி மையம் நடத்துகிறது. இந்திய மருத்துவர்களும் வெளிநாட்டினரும் அங்கு வந்து, தேர்ந்த அறுவை மருத்துவர் பக்கத்தில் நிற்க, இந்த அறுவையைக் கற்கின்றனர். மேனாட்டார் நம் மலைக்கு வந்து மாணவராக அமர்கிறார்கள் என்பதைச் சொல்லும்போது, எனக்குச் சற்றுப் பெருமிதம் தோன்றுவதை மறைக்க விரும்பவில்லை. கற்பது குற்றமன்று. ஆசானின்றி, பின்கவனிப்பின்றி, பிறர் ஊர் நாயின் மேல் கற்பதே குற்றம்.

ஒன்றுமில்லாததற்கு இதுவாவது மேல் அல்லவா என்பது அடுத்த வாதம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூவாயிரம் நாய்கள் உள்ள ஓர் ஊரில் ஒரு குழு வந்து இருநூறுக்குச் செய்துவிட்டுப் போகிறது. நூற்றுக்கு ஏழுகூட ஆகவில்லை. நாயின் கருப்பக் காலமோ ஏறத்தாழ இரண்டே மாதம். ஒரு பெட்டை ஆண்டில் இருமுறை கூட ஈனும். குழு திரும்பி வருமுன் அந்த இருநூறின் இடம் நிரம்பிவிடும். வெறிநோய்த் தடுப்பூசியும் ஊர் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குப் போட்டால்தான் நோயின் சங்கிலி அறும். அதுவும் ஆண்டுதோறும் போட வேண்டும். பின்னர் யாரும் வராத ஊரில் அந்த இருநூறு என்ற எண், அமைப்பின் அறிக்கைக்குப் பயன்படும்; ஊருக்குப் பயன்படாது.

பூட்டான் இதற்கு நேர் எதிரான சான்று. 2009-இல் அந்நாட்டு அரசு, ஹியூமேன் சொசைட்டி இன்டர்நேஷனல் என்று அப்போது பெயர் பெற்றிருந்த அமைப்போடு சேர்ந்து இப்பணியைத் தொடங்கியது. வெளிநாட்டு மருத்துவர்கள் வந்தார்கள். ஆனால் அறுத்துவிட்டுப் போகவில்லை. பூட்டான் நாட்டு மருத்துவர்களுக்கும் உதவியாளர்களுக்கும் கற்றுக் கொடுத்தார்கள். பின்னர் பொறுப்பை அரசிடமே ஒப்படைத்தார்கள். 2021-இல் மன்னரின் ஆணைப்படி இறுதிக்கட்டப் பணி தொடங்கியபோது, வலை எடுத்துத் தெருவில் இறங்கியவர்கள் ஆரஞ்சுச் சீருடை அணிந்த அந்நாட்டுத் தொண்டர்களே. 2023-இல், தெருநாய்கள் அனைத்துக்கும் கருத்தடை முடிந்ததாக அந்நாடு அறிவித்தது. பதினான்கு ஆண்டுகள், ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட நாய்கள். வந்தவர்கள் தம்மைத் தேவையற்றவர்களாக்கிக்கொண்டு போனதால் கிடைத்த வெற்றி இது. கோவாவிலும் ஆண்டுதோறும் இடைவிடாமல் தடுப்பூசி போட்டு வந்ததன் பயனாக, 2021-இல் அம்மாநிலம் வெறிநோய்க் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

உள்ளூர்க் கை இல்லாவிட்டால் என்னவாகும் என்பதற்குத் துருக்கியைப் பாருங்கள். 1910-இல் இஸ்தான்புல் நகரைப் புதுமையாக்கப் போகிறோம் என்று பல்லாயிரம் நாய்களை மர்மரா கடலின் பாழ்த்தீவொன்றில் கொண்டுபோய்ப் பசிக்கும் தாகத்துக்கும் இரையாக்கினார்கள். அந்தக் கறையைத் துடைப்பதுபோல் 2004-இல் வந்த சட்டம், பிடித்துக் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்றது. நல்ல சட்டம். ஆனால் எத்தனையோ நகராட்சிகள் அதற்கான கூடத்தையே எழுப்பவில்லை. அன்புள்ள தனி மனிதரும், வந்துபோகும் தொண்டரும் செய்தது கடலில் கரைத்த பெருங்காயமாயிற்று. தெருவில் நாய்கள் பல இலட்சமாயின, குழந்தைகள் கடிபட்டுச் செத்தார்கள், மக்கள் கொதித்தார்கள். 2024 ஜூலையில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, நாய்களைத் தெருவிலிருந்து அகற்றிக் காப்பகங்களில் அடைக்கவும், சிலவற்றைக் கொல்லவும் வழிசெய்தது.

இன்னொரு சாராரையும் விட்டுவிட முடியாது. நாய் நஜீஸ் ஆயிற்றே, நம் பிள்ளை அதைத் தொடலாமா என்று தடுக்கும் பெரியவர்கள் அவர்கள். பயணத்தைத் தடுக்க அவர்கள் கூறும் காரணம் தவறானது. ஷாஃபிஈ மத்ஹபில், ஈரத்தோடு பட்டால் ஏழுமுறை, அதில் ஒருமுறை மண் கலந்து கழுவ வேண்டும். மாலிக்கி மத்ஹபிலோ நாயின் உடலே தூய்மையானது. எந்த மத்ஹபிலும் நஜீஸ் என்பது கழுவுவதைப் பற்றிய சட்டமே தவிர, இரக்கத்துக்கு விலக்குச் சீட்டன்று. தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தவர் மன்னிக்கப்பட்டதை மிம்பரில் கேட்டுக் கண்ணீர் விடும் நாம், அந்த நாய் பள்ளிவாசல் தெருவுக்கு வந்தால் கல்லைத் தேடுகிறோம். விலங்கின் இனப்பெருக்க உறுப்பை நீக்கலாமா என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. நன்மை கருதிச் செய்தால் ஆகும் என்பது ஹனஃபி அறிஞர்களின் நிலை. அதனை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆனால் ஒன்றை நினைவில் வைத்துக் கேளுங்கள்: இன்று பல ஊர்களில் கருத்தடைக்கு மாற்றாக நிற்பது நஞ்சுதான்.

ஆகவே மகன் அழைப்பைக் கொண்டுவந்து நீட்டும்போது, நாய் என்பதற்காக மறுக்காதீர்கள். தொண்டு என்பதற்காக இசையாதீர்கள். கத்தி பிடிப்பவருக்கு அந்த நாட்டில் உரிமம் இருக்கிறதா, குழு போனபின் காயத்தைப் பார்க்கப் போவது எந்த ஊர் மருத்துவர், அவருக்கு என்ன கற்றுக்கொடுத்தார்கள், அடுத்த ஆண்டு யார் வருவார்கள் என்று எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். மகனுக்குத் தரும் வேலை எதுவென்றும் கேளுங்கள். மயக்கம் தெளியும் நாயின் பக்கத்தில் கம்பளியோடு உட்காரும் வேலை என்று விடை வந்தால், கேட்ட தொகைக்கு மேலும் கொடுத்து அனுப்புங்கள். படித்து முடிக்காத பிள்ளைக்கு அறுவை மேசையில் இத்தனை நாய்கள் என்று அவர்கள் உறுதி கூறினால், பணத்தை அந்த நாட்டு மருத்துவரின் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, மகனை விடுமுறைக்கு வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.