40-ஆ, 100-ஆ?

எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு பேருக்கு இன்சுலின் இருக்கிறது. மேல்தட்டில் அம்மாவுடையது. கீழ்த்தட்டில், மூடிபோட்ட நீல டப்பாவுக்குள் மிளகுவினுடையது. மிளகு எங்கள் கறுப்புப் பூனை, வயது 11.

தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாவதையும், நன்றாகத் தின்றும் மிளகு இளைப்பதையும் முதலில் கவனித்தவர் அம்மாதான். “எனக்கு வந்த மாதிரியே இருக்கு. இனிப்புநீரா இருக்கப்போவுது, பாருடா” என்றார். விலங்கு மருத்துவர் ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்து அதையே உறுதிப்படுத்தினார்.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்சுலின் புதிதல்ல. பலதுறை மருந்தகத்தில் வாங்கிவந்த ஊசிகள் ஏதாவது ஓர் அலமாரியில் இருக்கும். அதனால் பூனைக்கு ஊசிபோடும் பயம் நமக்குக் குறைவு. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

மனிதர்களுக்கான இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட் கொண்டது. விலங்குகளுக்கென்றே தயாராகும் கேனின்சுலின், புரோசிங்க் போன்றவற்றில் 40 யூனிட்தான். சிரிஞ்சுகளும் அதற்கேற்ப இரண்டு வகை. 100 வகை மருந்தை 40 வகை சிரிஞ்சில் 2 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே வருவது 5 யூனிட். மாற்றிச் செய்தால் ஒரு யூனிட்கூடத் தேறாது. பூனைக்குப் பெரும்பாலும் ஒரு வேளைக்கு ஒரு யூனிட் அளவில்தான் தொடங்குகிறார்கள் என்பதை நினைத்துப்பாருங்கள். சில மருத்துவர்கள் பூனைக்கும் மனித இன்சுலினான கிளார்ஜினையே எழுதித் தருவார்கள். அது 100 வகை. ஆகவே “பூனை மருந்து என்றால் 40” என்று மனப்பாடம் செய்துகொள்வதும் உதவாது. குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் படித்துப் பார்க்க வேண்டும். மூடியின் நிறத்தை நம்பி எடுக்காதீர்கள்.

ஒரு நாள் மாலை ஊசி போடும்போது மிளகு துள்ளியது. மருந்தில் பாதி ரோமத்தில் வழிந்தது. “பாவம்டா, இன்னொண்ணு போட்டுடு” என்றார் அம்மா. “வேணாம்மா, எவ்வளவு உள்ளே போச்சுன்னு தெரியாது. அடுத்த வேளைக்குப் பார்த்துக்கலாம்” என்றேன். ஒரு வேளை மருந்து குறைந்தால் சர்க்கரை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். கூடிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கினால் “தலை சுத்துது” என்று சொல்லி ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வார். பூனை சொல்லாது. கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். தள்ளாடினாலோ, நடுங்கினாலோ, துவண்டு கிடந்தாலோ தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். வலிப்பு வந்திருந்தால் எதையும் வாயில் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். இரவிலும் திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனை எது என்று முன்கூட்டியே விசாரித்து எண்ணை ஒட்டிவையுங்கள்.

வழக்கமாகத் தின்னும் பூனை அன்று தின்ன மறுத்தால் முழு அளவையும் போட்டுவிடாதீர்கள். மருத்துவரை அழைத்துக் கேளுங்கள்.

வீட்டிலேயே சர்க்கரை பார்ப்பது நல்லது. மருத்துவமனைக்குப் போகும் பதற்றத்திலேயே பூனையின் சர்க்கரை எகிறிவிடும். காது ஓரத்தில் மெல்லக் குத்தினால் ஒரு சொட்டு ரத்தம் போதும். ஆனால் அம்மாவின் கருவியை எடுத்துப் பார்க்காதீர்கள். மனிதக் கருவிகள் பூனையின் அளவைப் பெரும்பாலும் குறைத்தே காட்டும். பூனைக்கென்று அளவிடும் கருவிகள் விற்கின்றன. எதில் பார்த்தாலும் அது எந்தக் கருவி என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரேயோர் எண்ணைப் பார்த்து மருந்தளவை நாமாகக் கூட்டுவது வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. தொடக்கத்திலேயே இன்சுலினும் மாவுச்சத்து குறைந்த உணவும் கொடுத்தால், சில பூனைகளுக்குப் பிறகு இன்சுலினே தேவைப்படாமல் போவதுண்டு. நல்ல செய்திதான். அதைக் கவனிக்காமல் பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் அது அளவுக்கு மிஞ்சிய மருந்தாகிவிடும். மிளகுவுக்கு அந்த அதிர்ஷ்டம் இன்னும் வாய்க்கவில்லை.

2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளில் உரிமத்தோடு இரண்டு பூனைகள்வரை வளர்க்கலாம். கூண்டைத் துணியால் மூடி மின்தூக்கியில் ஏறிய காலம் போய்விட்டது. பக்கத்து வீட்டு அக்காவிடம் இப்போது வெளிப்படையாகவே உதவி கேட்க முடிகிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஊசிபோடத் தெரிந்த ஒருவரை இப்போதே பழக்கிவையுங்கள். பயன்படுத்திய ஊசிகளைக் குப்பைப் பையில் வீசாமல் கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் போட்டு மூடிவையுங்கள். துப்புரவு செய்பவரின் கையில் குத்தும்.

காலை 7, இரவு 7 என்று எங்கள் வீட்டு நேரம். நான் வேலை முடிந்து ரயிலில் மாட்டிக்கொண்டால் அம்மா போடுவார். இருவரும் போட்டுவிடக்கூடாது என்பதற்காக ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். சிராங்கூன் ரோட்டில் வாங்கிய தினசரி நாட்காட்டியின் அன்றைய தாளில், போட்டவர் நேரத்தை எழுத வேண்டும். எழுதியிருந்தால் மற்றவர் டப்பாவைத் தொடக்கூடாது. மிளகு எவ்வளவு கத்தினாலும் சரி. பெரும்பாலும் அது சோற்றுக்குத்தான் கத்தும்.