கப்பி மீனை ஏரியில் விடலாமா?

தாம்பரம், சேலையூர் பக்கம் எந்தக் கலர் மீன் கடைக்குள் நுழைந்தாலும் கண்ணில் படுவது கப்பி மீன். விலை குறைவு, லேசில் சாகாது, குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். தொட்டி நிரம்பினால்? "பாவம், பிழைச்சுப் போகட்டும், கொசுவையாவது தின்னும்" என்று பக்கத்து ஏரியில் கொட்டிவிடுகிறார்கள் சிலர். புண்ணியம் என்று நினைத்துச் செய்யும் பாவம் இது!

கப்பியின் சொந்த ஊர் வெனிசுவேலா, டிரினிடாட் பக்கத்து ஓடைகள். டிரினிடாடிலிருந்து லண்டனுக்கு இதை அனுப்பிவைத்த லெக்மியர் கப்பி என்பவரின் பெயரை 1866-ல் இதற்கு வைத்தார்கள். இது முட்டையை வெளியே இடாது. சுமார் 4 வாரத்துக்கு ஒரு முறை, நீந்தத் தெரிந்த குட்டிகளையே ஈனும். ஒரு தடவை ஆணோடு சேர்ந்தால் போதும், விந்தைச் சேமித்து வைத்து மாதக்கணக்கில் குட்டி போடும். 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், தொட்டிக்கு ஒரே ஒரு பெண் கப்பியை விட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலான தொட்டிகளில் ஒரு கூட்டமே உருவாகிவிட்டது.

இப்போது நம்ம ஊர் மீனைப் பாருங்கள். தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன, நீர்மட்டத்தை ஒட்டியே திரியும் சின்னஞ்சிறு மீன். மீன் வளர்ப்பவர்கள் பாஞ்சாக்ஸ் என்பார்கள். இதுவும் கொசுப்புழு தின்னும். ஆனால் முட்டைகளைக் கரையோரச் செடிகளிலும் வேர்களிலும் ஒட்டவைக்கும். பொரிக்க ஏறக்குறைய 2 வாரம் ஆகும்.

சிக்கல் இங்கேதான். ஏரியைச் "சீரமைக்கிறோம்" என்று கரையோரச் செடியை எல்லாம் வழித்தெடுத்துக் கல் பதித்தால், பாஞ்சாக்ஸ் எங்கே முட்டையிடும்? கப்பிக்குக் கவலையே இல்லை, அதன் பிரசவ வார்டு வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. போதாததற்கு, மற்ற மீன்களின் முட்டையும் அதற்குத் தீனி.

கொசுவுக்கு வேறு என்ன வழி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சென்னையில் மலேரியா பரப்பும் கொசு கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளர்கிறது. வெளியே போக வழியில்லாத கிணற்றில் மீன் விடுவதில் அர்த்தம் உண்டு. டெங்கு கொசு வளர்வதோ பழைய டயரிலும், தேங்காய் ஓட்டிலும், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டிலும். ஏரியில் கப்பியைக் கொட்டி இதில் எதைத் தடுக்க முடியும்?

இன்னொன்று, நம் ஏரிகள் தனித்தனி இல்லை. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் தண்ணீர் அடுத்தடுத்த ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய்ச் சேரும். 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்த இடம் அது. ஒருவர் கவிழ்க்கும் ஒரு கவர் மீன் ஒரு மழைக்காலத்தில் எவ்வளவு தூரம் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வளர்க்க முடியாத மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம். ஏரியைச் சுத்தம் செய்பவர்கள் கரையில் கொஞ்சம் செடியை விட்டுவைக்கலாம். கொசுவை நம்ம ஊர் மீன் பார்த்துக்கொள்ளும், அதற்கு முட்டையிட இடம் கொடுத்தால்.