'அதுவே புரிந்துகொள்ளும்' என்ற பொய்

"மாடல் இப்போது படுகெட்டி. கருவிக்கு ஒரு வரி விளக்கம் போதும், மிச்சத்தை அதுவே புரிந்துகொள்ளும்." ஏஐ ஏஜென்ட் கட்டுகிறவர்களிடம் இந்தப் பேச்சு வேதவாக்காகிவிட்டது. டெர்மினலை ஏஜென்ட் கையில் கொடுக்கும் இடத்தில் இது வெறும் சோம்பேறித்தனம் மட்டுமல்ல, ஆபத்து.

மாடலின் கண்ணில் படுவது என்ன? கருவியின் பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு தரலாம் என்ற பட்டியல். மாடலைக் கருவிகளோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்.சி.பி. நெறிமுறையிலும் அடிப்படை இதுதான். உள்ளே ஓடும் நிரல் அதற்குத் தெரியாது.

டெர்மினல் செஷன்களைத் திறந்து வைத்திருக்கும் டீமக்ஸ் மேல் கட்டிய ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். விளக்கம்: "செஷனுக்குக் கட்டளை அனுப்பும்." அனுப்பிவிட்டு முடியும்வரை காத்திருக்குமா? எண்டர் விசையை யார் தட்டுவது? டீமக்ஸின் சென்ட்-கீஸ் கட்டளை எழுத்துகளைத் தட்டிவிட்டு உடனே திரும்பிவிடும். எண்டரைத் தனியாகச் சொல்லாவிட்டால் கட்டளை அப்படியே நிற்கும், அடுத்த கட்டளை அதன் வாலில் ஒட்டிக்கொள்ளும். திரையைப் படித்துத் தரும் கேப்சர்-பேன் இன்னும் மோசம். தனியாகக் கேட்காவிட்டால் திரையில் அப்போது தெரிவதை மட்டுமே தரும். யாரும் இணைந்திராத செஷனின் இயல்பான அளவு 80 எழுத்து அகலம், 24 வரி உயரம். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடிய சோதனையில் பிழை மேலே போய்விட்டிருக்கும். கடைசி 24 வரியைப் பார்த்துவிட்டு ஏஜென்ட் "எல்லாம் சரி" என்று அறிக்கை தரும். அது பொய் சொல்லவில்லை. பார்த்தது முழு வெளியீடு அல்ல என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை.

இதில் அறிவுக்கூர்மை எங்கே உதவும்? இவை யோசித்துக் கண்டுபிடிக்கும் விஷயங்களே அல்ல, கட்டியவர் எடுத்த முடிவுகள். ஒருவர் ஒவ்வொரு அழைப்புக்கும் புது ஷெல் திறப்பார், இன்னொருவர் ஒரே ஷெல்லைத் தொடர்வார். இரண்டும் நியாயமானவை. ஆனால் "சிடி பில்ட்" என்று ஒரு அழைப்பு, "ஆர்எம் -ஆர்எஃப் *" என்று அடுத்த அழைப்பு என வையுங்கள். ஷெல் தொடர்ந்தால் பில்ட் கோப்புறை காலியாகும். புராஜெக்ட் கோப்புறையிலேயே மீண்டும் தொடங்கும் புது ஷெல் என்றால் புராஜெக்டே போய்விடும். ஷெல் தொடருமா, புதிதா என்ற அந்த ஒரு வாக்கியத்தை எழுதாதவருக்கு, பிறகு மாடலைக் குறை சொல்ல என்ன உரிமை இருக்கிறது?

அடுத்த மாடல் வந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். உங்கள் கருவியின் டைம்அவுட் எத்தனை வினாடி என்பது எந்த மாடலின் பயிற்சித் தரவிலும் இருக்காது.

ஆந்த்ரோபிக்கே 2024 டிசம்பரில் எழுதியது: நிரல் பிழை தீர்க்கும் தங்கள் ஏஜென்ட்டுக்காக, மொத்த பிராம்ப்ட்டைவிடக் கருவிகளைச் செதுக்கவே அதிக நேரம் செலவானதாம். ஏஜென்ட் வேறு கோப்புறைக்கு நகர்ந்ததும் சார்புப் பாதைகளில் தடுமாறியது. எப்போதும் முழுப் பாதை தர வேண்டும் என்று கருவியை மாற்றியதும் தவறு நின்றது. அதே ஆண்டு பிரின்ஸ்டன் ஆய்வாளர்களின் எஸ்டபிள்யூஇ-ஏஜென்ட், கட்டளை எதையும் அச்சிடாமல் முடிந்தால் "வெற்றிகரமாக ஓடியது, வெளியீடு இல்லை" என்று வாய்விட்டுச் சொன்னது. மௌனத்தை மாடலின் ஊகத்துக்கு விடவில்லை.

நீண்ட விளக்கம் டோக்கன்களைத் தின்னும் என்ற வாதத்தில் உண்மை உண்டு. அதற்காகத் தூக்கி எறிய வேண்டியது "சக்திவாய்ந்த", "எளிதான" போன்ற அலங்காரங்களை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "விசைகளை அனுப்பிவிட்டு உடனே திரும்பும், முடியும்வரை காத்திருக்காது. எண்டரைத் தனியாக அனுப்பு. முடிந்ததா என்று அறியத் திரையைப் படி. நீண்ட கிட் லாக் பேஜரில் நின்றுவிடும், வெளியேற க்யூ அனுப்பு. கடவுச்சொல் கேட்டால் நிறுத்து, பயனரிடம் கேள்." ஒவ்வொரு வாக்கியமும் ஒரு விபத்தைத் தடுக்கிறது.

1971இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே, கட்டளைகளின் குறைகளைச் சொல்ல "பக்ஸ்" என்று ஒரு பகுதி இருந்தது. படித்தவர்கள் தேர்ந்த பொறியாளர்கள். "அவர்களே புரிந்துகொள்வார்கள்" என்று விட்டுவிடவில்லை.

ஆகவே விளக்கத்தை எழுத வேண்டியவர் அந்த நிரலை எழுதியவரே. டைம்அவுட் 30 வினாடியிலிருந்து 120 ஆனால், விளக்கமும் அதே கமிட்டில் மாற வேண்டும். விளக்கம் மாறாத கமிட்டை ரிவ்யூவில் திருப்பி அனுப்புங்கள்.