பட்டியல் வருமுன் பேசட்டும் தோழர்கள்!

கும்மிடிப்பூண்டி சிப்காட் வாயிலில் ஷிப்டு முடிந்து வெளியே வரும் தோழர்களை நிறுத்தி, "உங்கள் உறுப்பினர் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் ஒரு சிரிப்பு வரும். பிறகு, "ஓட்டுக் கேக்க வந்தப்போ பாத்ததுதாண்ணே!" என்று பதில் வரும். சட்டமன்றத்துக்குப் போனவரா, டில்லிக்குப் போனவரா என்று அவர்கள் பிரித்துச் சொல்வதில்லை. காக்களூர் தொழிற்பேட்டையில் கேட்டாலும் இதே சிரிப்பு, இதே பதில்தான்.

இந்த முணுமுணுப்பைக் கேட்டு நாம் வெட்கப்படவில்லை, வெகுளவும் இல்லை. உழைத்தவனுக்கு உரிமை இருக்கிறது. சுவரில் சின்னம் வரைந்தவன் அவன். வாக்குச் சாவடியில் பாக முகவராகப் பட்டினியோடு உட்கார்ந்தவன் அவன். கேள்வி கேட்க அவனைவிடத் தகுதி உடையவர் யார்?

நமது கவலை வேறு. அந்த முணுமுணுப்பு எங்கே போய்ச் சேருகிறது? டீக்கடையில் தொடங்கி டீக்கடையிலேயே முடிகிறது. மேலிடம் அதே ஆளை மீண்டும் அறிவிக்கிறது. தோழர் கொடியைத் தூக்குகிறார். கோபத்தை இறக்கி வைக்கவில்லை. வாக்குப்பதிவு நாளன்று 'உடம்பு சரியில்லை' என்று படுத்துவிடுகிறார். இன்னும் சிலர் இரவோடு இரவாக உள்ளடி வேலையில் இறங்கிவிடுகிறார்கள். தோற்றபிறகு குழு அமைத்துக் காரணம் தேடுகிறோம். காரணமோ மாதக்கணக்கில் கிளைக் கழகத்து வாசலிலேயே நின்றிருக்கிறது!

இப்படிப்பட்ட கோபத்துக்கு ஒரு வாசல் வைத்திருக்கும் நாடு அமெரிக்கா. அங்கே கட்சியின் வேட்பாளர் யார் என்பதை, பொதுத் தேர்தலுக்கு முன்பே ஒரு முதற்கட்டத் தேர்தல் நடத்தி, கட்சியின் வாக்காளர்களே தீர்மானிக்கிறார்கள். பதவியில் இருப்பவரும் அந்தக் களத்தில் நின்றுதான் தீரவேண்டும். இந்தியானா மாநிலத்தில் ரிச்சர்டு லூகர் என்றொரு செனட்டர் இருந்தார். குடியரசுக் கட்சிக்காரர், பழமைவாதிகளின் முகாம். 1977 முதல் ஆறு முறை தொடர்ந்து பதவியில் இருந்தவர். சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது அங்கே குவிந்து கிடந்த அணு ஆயுதங்களைக் கலைக்கச் சட்டம் கொண்டுவந்த இருவரில் ஒருவர். உலகம் மதித்த மனிதர். ஆனால் ஊர் மதிக்கவில்லை! 2012 மே 8 ஆம் நாள் நடந்த முதற்கட்டத் தேர்தலில், மாநிலப் பொருளாளர் ரிச்சர்டு மர்டாக் நூற்றுக்கு 60 வாக்குகளுக்கு மேல் வாங்கி அவரை வீழ்த்தினார்.

ஏன் வீழ்ந்தார்? தம் சொந்த மாநிலத்தில் இருந்த வீட்டை 1977 இலேயே விற்றுவிட்டார்; ஆனால் அந்த முகவரியிலேயே வாக்காளராக இருந்து வந்தார். தேர்தல் நேரத்தில் அது வெளியே வந்தது. தலைநகரத்துக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை என்று மக்கள் பேசினார்கள். பேசியது நியாயம்தானே! ஆனால் அதோடு நிற்கவில்லை. எதிர்க்கட்சி அதிபர் ஒபாமாவுடன் அணு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தத்தில் ஒத்துழைத்தார், அவர் நியமித்த நீதிபதிகளுக்கு ஆதரவாக வாக்களித்தார் என்பதையும் துரோகக் கணக்கில் எழுதினார்கள். ஊரை மறந்தவர் என்ற குற்றச்சாட்டும், எதிரியோடு ஒரு நல்ல காரியத்தில் கைகோத்தார் என்ற குற்றச்சாட்டும் ஒரே தராசில் ஏறின.

முடிவு என்ன? முதற்கட்டத்தில் வென்ற மர்டாக், வல்லுறவினால் உண்டாகும் கருவும் கடவுளின் சித்தமே என்று பொருள்படும்படி விவாத மேடையில் பேசினார். நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் ஜோ டானலி வென்றார். 36 ஆண்டுக் காலம் கையில் இருந்த இடம் பறிபோயிற்று. பழமைவாதிகள் தோற்றதற்கு நாம் கண்ணீர் வடிக்கப் போவதில்லை. ஆனால் கோபம் எதற்காக என்று பிரித்துப் பார்க்காத கட்சிக்கு இந்தக் கதி நேரும் என்பதை நம் தோழர்களும் குறித்துக்கொள்ளலாம்.

நம் நாட்டிலும் இதைப் பரீட்சித்தார்கள். 2014 நாடாளுமன்றத் தேர்தலின்போது, ராகுல் காந்தியின் யோசனைப்படி, காங்கிரஸ் கட்சி சுமார் 15 தொகுதிகளில் கட்சிக்காரர்களின் வாக்கைக் கொண்டு வேட்பாளரைத் தேர்ந்தது. வதோதராவில் நரேந்திர ராவத் என்பவர் அப்படி வென்றார். அதே தொகுதியில் மோடி நிற்கிறார் என்றதும் காட்சி மாறியது. ராவத் விலக, மதுசூதன் மிஸ்திரி நிறுத்தப்பட்டார். பெரிய போட்டி என்று வந்தவுடன் தொண்டன் போட்ட வாக்கு எங்கே போயிற்று? அந்தத் தொகுதியில் மோடியே வென்றார்.

நம் தமிழகத்தின் பழைய ஏடு ஒன்றைப் புரட்டுவோம். 1953 இல் ஆச்சாரியார் கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்துப் பெரியாரும் அண்ணாவும் வீதியில் நின்றார்கள். ஆளுங்கட்சிக்குள்ளேயும் அதிருப்தி புகைந்தது. ஆச்சாரியார் விலகினார். 1954 மார்ச்சில் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சி கூடி வாக்கெடுத்தது. காமராசருக்கு 93, சி. சுப்பிரமணியத்துக்கு 41. தோற்ற சுப்பிரமணியத்தைக் காமராசர் தம் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார். மாற்று முகாம்தான், இருந்தாலும் அந்த நாகரிகத்தைப் பாராட்ட நமக்கு மனம் வருகிறது. கோபத்தை எண்ணினார்கள், முடிவு கண்டார்கள், பிறகு ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

இனி நம் திருவள்ளூர். 2009, 2014 இரண்டு தேர்தல்களிலும் இங்கே அ.தி.மு.க.வின் வேணுகோபால் நாடாளுமன்றத்துக்குப் போனார். 2019 இல் அவரை வென்று காங்கிரசின் ஜெயக்குமார் போனார். 2024 இல் ஜெயக்குமாருக்குப் பதில் சசிகாந்த் செந்தில் நிறுத்தப்பட்டு, 5 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேலான வித்தியாசத்தில் வென்றார். மாற்றியது சரியா தவறா என்ற வாதத்துக்குள் நாம் போகவில்லை. மாற்றுவதா வேண்டாமா என்று பொன்னேரியிலோ கும்மிடிப்பூண்டியிலோ தொண்டர்களிடம் வாக்குப்பெட்டி வைத்துக் கேட்டதுண்டா? பட்டியல் டில்லியிலிருந்து வந்தது. அந்தக் கட்சியை மட்டும் நாம் சொல்லவில்லை.

நம் பக்கத்து வழக்கத்தைப் பாருங்கள். விருப்ப மனு கொடுப்பவர் கட்டணம் கட்டுகிறார். தலைமை நிலையத்தில் நேர்காணல் நடக்கிறது. எவ்வளவு செலவு செய்வாய், உன் சாதிக்காரர் எத்தனை பேர் என்ற பேச்சு அந்த வாசலில் அடிபடுகிறது என்பது ஊரறிந்த ரகசியம். போகட்டும். மனு கொடுத்தவரை நேர்காணுகிறீர்களே, அவருக்காக மாடாய் உழைக்கப் போகிறவனை யார் நேர்கண்டார்?

வென்றபின் கேட்கலாமே என்பார்கள். எப்படிக் கேட்பது? சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரைத் திரும்ப அழைக்கும் உரிமை வாக்காளனுக்கு இல்லை. 1985 இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் உறுப்பினரைக் கொறடாவுக்குக் கட்டுப்படுத்துகிறது; தொகுதிக்குக் கட்டுப்படுத்தவில்லை. 2013 இல் கிடைத்த 'நோட்டா' பொத்தானால் எவரையும் இறக்க முடியாது. ஆக, தொண்டனின் சொல்லுக்கு எடை இருக்கும் காலம் பட்டியல் வருவதற்கு முந்திய அந்தச் சில மாதங்கள்தான்.

அப்போது என்ன கேட்பது? திருமணத்துக்கு வந்தாரா, காது குத்துக்கு மொய் வைத்தாரா என்பதைக் கேட்கவேண்டாம். (அதைக் கேட்டுக் கேட்டே பாதி உறுப்பினர்களைக் கெடுத்துவிட்டோம்!) 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலையை மூடவும் அரசின் அனுமதி வேண்டும். இப்போது 300 பேருக்குக் குறைந்த ஆலைக்கு அந்த அனுமதி தேவையில்லை. ரோலிங் மில்லும் வார்ப்படச் சாலையும் நிறைந்த நம் வட்டாரத்தில் இதன் பொருளைத் தோழர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. உறுப்பினர் இதைப் பற்றி எங்கே பேசினார்? எந்த வாயிலில் வந்து நின்றார்? காண்ட்ராக்ட் தொழிலாளியின் பி.எஃப். பணம் கட்டப்பட்டதா என்று எந்த அதிகாரிக்கு எழுதினார்? 2024 அக்டோபர் 11 இரவு, கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு வண்டியின் மேல் மைசூர்–தர்பங்கா விரைவு வண்டி மோதியது. அதே தடத்தில்தான் நம் தோழர்கள் தினமும் தொங்கிக்கொண்டு போகிறார்கள். ரயில்வேயிடம் உறுப்பினர் கேட்ட கேள்வி எத்தனை?

பதில் இருக்கிற உறுப்பினர் எழுந்து சொல்லட்டும். கைதட்டி மீண்டும் அனுப்புவோம். பதில் இல்லாதவருக்கு மனு கொடுக்கும் துணிவே வராது.

ஆகவே தலைமைக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இது: அடுத்த தேர்தலுக்கு விருப்ப மனு வாங்கும் முன், ஒன்றியந்தோறும் கிளைப் பிரதிநிதிகளைக் கூட்டி, பதவியில் இருக்கும் உறுப்பினரை எதிரே உட்காரவைத்து, பேச விடுங்கள். மறைமுக வாக்கும் எடுங்கள். அந்த எண்ணிக்கை மனுவோடு சேர்ந்து தலைமை நிலையத்துக்குப் போகட்டும். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மாலையில் வையுங்கள். இரவு ஷிப்டுக்குப் போகும் தோழர்கள் முதலில் பேசிவிட்டு வேலைக்குப் போகட்டும்.