துடைப்பம் ஒன்று, ஒப்பந்ததாரர் நான்கு: ஓய்வூதியம் எங்கே?

நகராட்சி தூய்மைப் பணியாளர் குடியிருப்பு ஒன்றுக்கு அண்மையில் போயிருந்தோம். 52 வயது அம்மா ஒருவர் தன் பி.எப். கணக்கைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். பதினோரு ஆண்டுகளாக அதே வார்டில் அதே தெருக்களைக் கூட்டுகிறவர் அவர். தெரு மாறவில்லை, ஒப்பந்ததாரர் மட்டும் நான்கு முறை மாறிவிட்டார். பி.காம். படிக்கும் அவருடைய மகள் கைபேசியில் உமாங் செயலியைத் திறந்து கணக்கைக் காட்டினார்.

முதல் ஒப்பந்ததாரரிடம் நான்கு ஆண்டு. அந்த ஒப்பந்தம் முடிந்து வேலையில்லாமல் இருந்த மாதங்களில், வட்டிக் கடனை அடைக்க எல்லாப் பணத்தையும் எடுத்துவிட்டார்; ஓய்வூதியப் பங்கும் அதோடு போயிற்று. இரண்டாமவரிடம் மூன்று ஆண்டு, கணக்கில் பணம் இருக்கிறது. மூன்றாமவரிடம் ஓர் ஆண்டு. சம்பளத்தில் பிடித்தார்கள், கணக்கில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. நான்காமவர் பழைய எண்ணைக் கேட்காமலே புதிய யு.ஏ.என். எண் எடுத்துவிட்டார். அதில் இப்போது மூன்று ஆண்டு இருக்கிறது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் 58 வயதில் மாத ஓய்வூதியம் பெறப் பத்து ஆண்டு பணிக்காலம் வேண்டும். ஒன்பதரை ஆண்டு இருந்தாலே பத்தாக எடுத்துக்கொள்வார்கள். இந்த அம்மாவுக்கு இன்னும் ஆறு ஆண்டு வேலை இருக்கிறது. புதிய எண்ணை மட்டும் பார்த்தால் மொத்தம் ஒன்பது ஆண்டு, அதாவது ஓய்வூதியம் கிடையாது. ஏதோ ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பழைய எண்ணில் உள்ள மூன்று ஆண்டை இதோடு இணைத்தால் பன்னிரண்டு ஆகும். சராசரிச் சம்பளத்தைப் பணியாண்டால் பெருக்கி 70-ஆல் வகுப்பதுதான் கணக்கு. சம்பளம் 12,000 என்று வைத்தால் மாதம் 2,057 ரூபாய் வருகிறது, அதுவும் ஆயுள் முழுக்க. ஒரு விண்ணப்பம் போட்டால் உண்டு, போடாவிட்டால் இல்லை. இதை அந்த அம்மாவுக்குப் பதினோரு ஆண்டில் ஒருவரும் சொல்லவில்லை.

2,057 ரூபாய் பெரிய பணம் என்று நாம் சொல்லவில்லை. அதே தெருவில் 2003 ஏப்ரல் 1-க்கு முன் நிரந்தரப் பணியில் சேர்ந்தவர் கடைசிச் சம்பளத்தில் பாதி வரை ஓய்வூதியமாகப் பெறுகிறார். ஒப்பந்தப் பணியாளருக்கான குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. மாநிலத்தின் முதியோர் உதவித்தொகையே 2023-இல் 1,200 ஆகிவிட்டது. மாதாமாதம் பணம் கட்டியவருக்கு அதைவிடக் குறைவு என்றால் இது என்ன திட்டம்?

ஊரில் முதுமைக்குச் சேமிப்பு என்றால் நிலம்தான். வேலை செய்ய முடியாத வயதிலும் குத்தகையோ வாரமோ வரும், ஆத்திர அவசரத்துக்கு அடகு வைக்கலாம். 1892 வாக்கில் ஆங்கிலேய அரசு நமக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலமும் பெரும்பாலும் கைமாறிவிட்ட பிறகு, நம் குடும்பங்களுக்கு முதுமையில் மிச்சமிருப்பது உடல் உழைப்பும் பிள்ளைகளும்தான். குறிப்பாகப் பிள்ளைகள். வீட்டின் முதல் பட்டதாரி குரூப்-1 தேர்வுக்குப் படிக்காமல் கிடைத்த கம்பெனி வேலைக்கு ஓடுவது ஏன் என்று கல்லூரி ஆசிரியர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. அந்தப் பிள்ளையின் முதல் மாதச் சம்பளமே அப்பா அம்மாவுக்கு ஓய்வூதியம் ஆகிவிடுகிறது.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் போராடி, நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டதை நாடே பார்த்தது. 5, 6 மண்டலங்களைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து எழுந்த போராட்டம் அது. சம்பளக் குறைப்பு செய்தியானது. பணிக்காலத் தொடர்ச்சி அறுந்துபோவதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. நிரந்தரம் கேட்பது நம்மை இதே வேலையில் கட்டிப்போடும் என்ற வாதமும் அப்போது நம் தரப்பிலிருந்தே வந்தது. அந்த வாதத்தின் நியாயம் நமக்குப் புரிகிறது. மத்திய அரசின் நமஸ்தே திட்டத்தில் விவரம் எடுக்கப்பட்ட சுமார் 38,000 கழிவுநீர், மலக்குழித் தொழிலாளர்களில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்பது இந்த வேலையை யார் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது. ஆனால் 52 வயதில் ஒருவர் வேறு வேலைக்குப் போக முடியாது. அவருடைய மகள் இந்த வேலைக்கு வராமல் படிக்க வேண்டுமானால், அம்மாவுக்கு ஓய்வூதியம் இருந்தாக வேண்டும்.

2025 அக்டோபரில் வருங்கால வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் வாரியம் ஒரு முடிவெடுத்தது. வேலை போனபின் ஓய்வூதியப் பங்கை எடுக்கக் காத்திருக்கும் காலத்தை 2 மாதத்திலிருந்து 36 மாதமாக்கும் முடிவு அது. பணிக்காலம் கரையாமல் இருக்கும் என்ற வகையில் பாதி சரி. ஆனால் அந்த அம்மா பணத்தை எடுத்தது ஆடம்பரத்துக்கு இல்லை, இரண்டு ஒப்பந்தங்களுக்கு இடையே அடுப்பு எரிய வேண்டியிருந்தது. தொழிலாளி பணம் எடுக்கும் வழியை அடைப்பவர்கள், கட்டாமல் விழுங்கும் ஒப்பந்ததாரரின் வழியை ஏன் இதே வேகத்தில் அடைப்பதில்லை? ஒப்பந்ததாரர் கட்டத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர் கட்ட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருக்கிறது. நம் விஷயத்தில் அது நகராட்சிதான். காணாமல் போன அந்த ஓராண்டுக்கு ஆணையரிடம் மனு கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். முதலாளியின் 12 விழுக்காட்டையும் சேர்த்துத் தொழிலாளி சம்பளத்திலேயே பிடிப்பதும் சட்டத்துக்குப் புறம்பானது. சம்பளச் சீட்டு கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம். விடுமுறையில் உங்கள் தெருவில் பத்து வீட்டுக்குப் போய் யு.ஏ.என். எண்ணை எழுதி வாங்குங்கள். பதிவு செய்த கைபேசியிலிருந்து 99660 44425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாக எவ்வளவு கட்டினார்கள் என்று குறுஞ்செய்தி வரும். இரண்டு எண் இருந்தால் பழையதைப் புதியதற்கு மாற்ற இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தம் முடிந்ததும் யாராவது 10சி படிவத்தை நீட்டினால், அதில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்கலாம் என்று சொல்லுங்கள். பணிக்காலம் அதில் அப்படியே நிற்கும். வாரிசு நியமனத்தையும் கட்டாயம் பாருங்கள். ஒரு மாதம் பணம் கட்டியிருந்து, பணியில் இருக்கும்போது இறந்தால்கூடத் துணைவருக்கு ஓய்வூதியம் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை தனித்தொகை உண்டு. நம் ஆட்கள் 58-ஐப் பார்க்காமலே போய்விடுகிற வேலையில் இது சின்ன விஷயம் இல்லை.

ஊராட்சித் தூய்மைக் காவலர்களுக்கு இந்தக் கதவும் இல்லை. அவர்களுக்குத் தருவது சம்பளம் அல்ல, 'மதிப்பூதியம்'. அந்தச் சொல்லிலேயே பி.எப். அடிபட்டுப் போகிறது. 18 முதல் 40 வயதுக்குள் இருப்பவர்கள் பிரதமர் ஷ்ரம் யோகி மாந்தன் திட்டத்தில் சேரலாம். வயதுக்கேற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் கட்டினால் மத்திய அரசு அதே அளவு போடும், 60 வயதில் மாதம் 3,000 ரூபாய். நாற்பதைத் தாண்டிய காவலருக்கு நல வாரிய அட்டை ஒன்றுதான் கைக்கெட்டும் வழி. அதைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

அந்த அம்மாவின் இரண்டு எண்களையும் இணைக்க மகள் விண்ணப்பம் போட்டுவிட்டார். ஆதாரில் பிறந்த தேதி ஒன்று, பழைய கணக்கில் இன்னொன்று. திருத்தத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டிய இரண்டாவது ஒப்பந்ததாரரின் அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்டத்தில் வைப்பு நிதி நிறுவனம் குறைதீர் முகாம் நடத்துகிறது. ஆதார், வங்கிப் புத்தகம், பழைய அடையாள அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு அடுத்த முகாமுக்கு அவர்களோடு நாமும் போகிறோம்.