எண்ணிக்கைக்குக் காதுண்டோ?

ஒரு பாட்டு ஐம்பது ஆண்டுகளாகியும் ஊரறியாது கிடக்குமாயின், அஃது அவ்வாறு கிடத்தற்கே உரிய பாட்டென்றும், காலமென்னும் முறம் பதரைப் புடைத்துத் தள்ளுமேயன்றி மணியைத் தள்ளாதென்றும் வாதிப்பார் பலர். கேட்கும்போது இது நியாயம் போலவே தோன்றும். ஆனால் அம்முறத்தைக் கையில் பிடித்திருப்பது காலந்தானா, அன்றிக் கடைக்காரரா என்று அவர்கள் ஒருநாளும் விசாரிப்பதில்லை. அவ்விசாரணையை இங்கே நாம் நடத்துவோம். பொதுப்படப் பேசிக்கொண்டு போனால் இவ்விவகாரம் முடிவுறாது. ஆகையால் ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அதனை முன்வைத்தே வழக்காடுவோம்.

இங்கிலாந்தின் குயீன் என்னும் ராக் இசைக்குழுவின் பெயரைக் கேளாதார் மிகச் சிலரே. 1946இல் ஜான்சிபாரில் ஒரு பார்சிக் குடும்பத்திற் பிறந்து, மேற்கு இந்தியாவின் பஞ்சகனியில் பள்ளிப்படிப்புப் படித்து, பின்னர் இங்கிலாந்து சென்று குடியேறிய பிரெடி மெர்க்குரியும், பிரையன் மே, ராஜர் டெய்லர், ஜான் டீக்கன் என்னும் மூவரும் அதன் அங்கத்தினராயிருந்தனர். அவர்கள் 1975ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வெளியிட்ட நெடுந்தட்டின் பெயர் 'எ நைட் அட் தி ஆபெரா'. அதிலுள்ள உருப்படிகள் 12. அவற்றுள் 'பொஹீமியன் ராப்சடி' என்பது தனிச் சிறுதட்டாகவும் வந்து, இங்கிலாந்தின் விற்பனை வரிசையில் 9 வாரம் முதலிடத்தில் வீற்றிருந்தது. 1991 நவம்பரில் மெர்க்குரி மறைந்த பின்னர் மீண்டும் வெளிவந்து, இன்னும் 5 வாரம் அவ்விடத்தைப் பிடித்தது. 2018இல் அதன் பெயரையே சூடிக்கொண்டு ஒரு திரைப்படமும் உலகைச் சுற்றியது.

அதே தட்டில், அதே பக்கத்தில், அதற்கு மூன்று பாட்டுகள் முன்னதாக மற்றொரு பாட்டு இருக்கின்றது. தட்டைத் திருப்பி முள்ளை வைத்தவுடன் முதலில் ஒலிப்பது அதுவே. 'தி பிராபெட்ஸ் சாங்' என்பது அதன் பெயர். தீர்க்கதரிசியின் பாட்டு என்று நாம் சொல்லலாம். 8 நிமிடத்திற்கும் மேற்பட்ட நீளமுடையது. இயற்றியவர் கிதார்க்காரராகிய பிரையன் மே. குயீன் குழுவைத் தாம் அறிந்திருப்பதாகச் சொல்லும் நூறு பேரை நிறுத்திக் கேட்டால், தொண்ணூறு பேருக்கு இப்பாட்டு இருப்பதே தெரியாதென்று நாம் பந்தயம் கட்டத் தயார். ஆயினும் இதனை உயிர்போலப் போற்றும் ரசிகர் கூட்டமொன்று அன்று முதல் இன்று வரை இருந்து வருகின்றது. இவர்களைப் பித்தரென்று நகைப்பவர்களுக்கே நாம் விடை கூறப் புகுந்தோம்.

முதலிற் பாட்டைக் கேட்போம்; பிறகு விற்பனைக் கணக்கைப் பார்ப்போம். நம் எதிர்வாதிகள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி விட்டதனாலேயே வழக்கு வந்தது.

1974இல் மே கடுமையாக நோயுற்றார். அமெரிக்கப் பயணத்தின்போது கல்லீரல் நோய் கண்டு படுத்தவர், பிறகு குடற்புண்ணாலும் வருந்தினார். அந்நாட்களில் பெருவெள்ளமொன்றைப் பற்றித் தாம் கண்ட கனவே இப்பாட்டிற்குக் கருவாயிற்று என்று அவரே கூறியிருக்கின்றார். பாட்டு காற்றின் ஓலத்தோடு தொடங்குகிறது. அதனூடே சிறு நரம்பிசை ஒன்று துளித்துளியாகச் சொட்டும். அது கோட்டோ என்னும் ஜப்பானிய வாத்தியத்தின் ஒலி. அதுவும் பெரிய கோட்டோ அன்று, 1975ஆம் ஆண்டு ஜப்பானியப் பயணத்தின்போது மேயின் கைக்கு வந்த பொம்மைக் கோட்டோ! குழந்தை விளையாடும் கருவியைக் கொண்டு ஊழிக்காலத்து அச்சத்தை எழுப்பத் துணிந்த கற்பனையை எண்ணிப் பாருங்கள். பின்னர்க் கிதார் வந்து சேர்கிறது. அதன் தடித்த கம்பியின் சுதியை வழக்கத்திலும் தாழ்த்தி வைத்திருப்பதால், ஒவ்வோர் அடியும் நிலத்தடியிலிருந்து எழுவதுபோல் அதிர்கிறது. தீர்க்கதரிசி ஒருவன் மக்களை நோக்கி எச்சரிக்கின்றான். பேழை, வெள்ளம், அழிவு என்னும் பழைய வேதாகமக் கதையின் சாயல் எங்கும் படர்கின்றது. சொற்கள் சிற்சில இடங்களில் அளவுக்கு மிஞ்சிக் கனத்து நிற்கின்றன என்பதை மறைப்பானேன்? பாட்டின் உயிர் சொல்லில் இல்லை.

அவ்வுயிர் நடுப்பகுதியில் இருக்கின்றது. வாத்தியங்கள் யாவும் ஒருங்கே அடங்கிவிட, மெர்க்குரியின் குரல் மட்டும் தனித்து நிற்கின்றது. அவர் ஓர் அடி பாடுகின்றார். அடுத்த அடியை அவர் தொடங்கும்போது, முன் பாடிய அடி வேறொரு திசையிலிருந்து திரும்பி வருகின்றது. மூன்றாவதைத் தொடங்கும்போது முதலதும் இரண்டாவதும் உடன் நிற்கின்றன. ஒருவர் எடுத்ததை மற்றொருவர் சற்றுப் பிந்தி எடுத்துப் பின்தொடரும் இம்முறையை மேனாட்டார் கானன் என்பர். அவர்களுடைய இசையில் நூற்றாண்டுகள் பழமையானது அது. ஆனால் அங்கே பாடுவோர் பலர். இங்கே பாடுபவர் ஒருவரே. ஓடுகின்ற காந்த நாடாவில் குரலைப் பதிந்து, நாடா சிறிது தூரம் சென்றபின் அங்கே வைத்த மற்றொரு முனையால் அதனைத் திரும்ப ஒலிக்கச் செய்வது இதன் சூத்திரம். தூரத்தைக் கூட்டினால் தாமதம் கூடும். இவ்வளவே இயந்திரத்தின் வேலை.

"இயந்திரத் தந்திரந்தானே, இதில் வித்தை என்ன?" என்று கேட்பவர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். இயந்திரம் நல்ல சுரத்தை மட்டும் திருப்பித் தருவதில்லை. பிசகியதையும் அப்படியே திருப்பித் தரும். முன்னே பாடிய அடி எந்த நொடியில் வந்து விழும், அப்பொழுது தான் எந்தச் சுரத்தில் நின்றால் இரண்டும் இசையும் என்பதைப் பாடும்போதே மனத்திற் கொண்டவனால் மட்டுமே இதனைச் செய்தல் கூடும். மெர்க்குரி இதனை ஒலிப்பதிவுக் கூடத்தின் பாதுகாப்பில் மட்டும் செய்யவில்லை. அந்த ஆண்டுகளில் மேடையிலும், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில், அழித்தெழுதும் வசதி எதுவுமின்றிச் செய்து காட்டினார்.

இதனினும் மேலான செய்தி ஒன்றுண்டு. இவ்வுத்தி பாட்டின் பொருளுக்கு அணியாக மேலே ஒட்டப்பட்டதன்று. தீர்க்கதரிசி கூவுகின்றான், மக்கள் கேட்டார்களா? மறுமொழி வருகின்றது, ஆனால் வந்த மறுமொழி அவனுடைய குரலே. மீண்டும் கூவுகின்றான், மீண்டும் அவன் குரலே. பாழ்ங்கிணற்றில் தலைநீட்டிக் கூப்பிட்ட பிள்ளையின் நிலை அவனுக்கு. கேட்பாரற்றவனின் தனிமையைச் சொல்லிக் காட்டாமல் ஒலியாலேயே உண்டாக்கிக் காட்டிய இரண்டு நிமிடங்கள் இவை. 'பொஹீமியன் ராப்சடி'யின் நடுவிலும் குரற்கூட்டம் உண்டு. மெர்க்குரி, மே, டெய்லர் மூவரும் தங்கள் குரல்களை அடுக்கடுக்காகப் பதிந்து கட்டிய அரிய மாளிகை அது. அங்கே கூட்டம் உண்மையாகவே கூட்டம். இங்கே கூட்டம் ஒரு மாயை. ஒரே மனிதன்தான் இருக்கின்றான். இரண்டும் ஒரே மாதத்தில், ஒரே தட்டில் வந்தன. ஒன்றைக் கேட்டவன் மற்றதையும் கேட்டாலன்றோ அவ்விளைஞர்கள் அன்று என்ன செய்து கொண்டிருந்தார்கள் என்பது அவனுக்கு விளங்கும்?

இனி விற்பனைக்கு வருவோம். இத்துணைச் சிறப்புடைய பாட்டு ஏன் ஊரறியவில்லை? விடை மிக எளிது. அதனை யாரும் தனித்து விற்கவில்லை. அக்காலத்தில் ஒரு பாட்டு வானொலி வழியே ஊர் சுற்ற வேண்டுமானால் சிறுதட்டாக வரவேண்டும். சிறுதட்டுக்கு 3 நிமிடம் அளவு என்பது வியாபாரிகளின் எழுதாச் சட்டம். ஏறத்தாழ 6 நிமிடம் ஓடும் 'ராப்சடி'யையே நீளமென்று அவர்கள் தடுத்தார்கள். இலண்டன் கேப்பிட்டல் வானொலியில் கென்னி எவரெட் என்பவர் இரண்டு நாட்களுக்குள் அதனை 14 முறை ஒலிபரப்பிய பிறகுதான் வாயில் திறந்தது. அச்சிறுதட்டின் மறுபக்கத்தில் டெய்லர் இயற்றிய மோட்டார் வண்டிப் பாட்டு இடம்பெற்றது. முன்பக்கத்துப் பாட்டை வாங்கியவர்கள் எல்லோரும் அதனையும் சேர்த்தே வாங்கினார்களாகையால், இயற்றியவருக்குரிய பங்குப் பணம் அதற்கும் சரிநிகராகச் சேர்ந்தது. இதைப்பற்றிக் குழுவுக்குள்ளேயே மனத்தாங்கல் எழுந்ததுமுண்டு. 1976இல் டீக்கனின் பாட்டொன்று சிறுதட்டாயிற்று. அதன் முதுகில் மேயின் வேறொரு பாட்டு ஏறிக்கொண்டது. 8 நிமிடப் பாட்டை ஏற்றிச் செல்ல முதுகு ஏது?

"ராப்சடியும் நீளமானது, விசித்திரமானது, அது வெல்லவில்லையா? தகுதியிருந்தால் இதுவும் வென்றிருக்குமே" என்று மடக்குவார் உளர். வெற்றிபெற்ற ஒன்றைக் காட்டி, களத்திலேயே இறக்கப்படாத ஒன்றைத் தோல்வியுற்றதாகத் தீர்ப்பளிக்கும் தர்க்கம் எந்த நியாய நூலில் உள்ளது? 14 முறை ஒலிக்கச் செய்த எவரெட் ஒருவர் இதற்கு வாய்த்திருந்து, அதன் பின்னும் மக்கள் முகம் திருப்பியிருந்தால், நாம் இப்பொழுதே வாயை மூடிக்கொள்வோம்.

பின்னர் 1981இல் குயீனின் புகழ்பெற்ற பாட்டுகளைத் திரட்டித் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்னும் தொகுப்பை வெளியிட்டனர். 17 பாட்டுகள், தொடக்கமே 'ராப்சடி'. இங்கிலாந்தில் வேறெந்த இசைத்தட்டும் இதனளவு விற்றதில்லை. 2022இல் 70 லட்சத்தைக் கடந்துவிட்டது. தீர்க்கதரிசி அதிலும் இல்லை. புதிதாக வரும் ரசிகனுக்கு வாயிற்கதவு இதுவென்றால், அவன் எந்த அறைகளைப் பார்ப்பான் என்பதைக் கதவு வைத்தவரே முடிவு செய்துவிட்டார். இன்றோ நிலைமை இன்னும் மோசம். கைப்பேசியில் குழுவின் பெயரைத் தட்டினால், மிகுதியாகக் கேட்கப்பட்ட சில பாட்டுகள் எண்ணிக்கையோடு மேலே நிற்கின்றன. மேலே நிற்பதனால் கேட்கின்றோம். கேட்பதனால் மேலே நிற்கின்றது. செக்கைச் சுற்றும் மாட்டைப்போல இவ்வெண் தன்னையே சுற்றிக் கொழுக்கின்றது. இதைத்தான் நம் நண்பர்கள் காலத்தின் தீர்ப்பு என்கின்றார்கள்!

நம் பக்கத்து ஆட்களையும் விட்டுவைப்பதற்கில்லை. இப்பாட்டைப் போற்றுவோருள் ஒரு சாரார் இருக்கின்றனர். அவர்களுக்குப் பாட்டு வேண்டியதில்லை. அதனைப் பிறர் அறியாதிருத்தலே வேண்டும். 'ராப்சடி'யை ஒருவன் விரும்புகின்றேன் என்றால், இரக்கத்தோடு அவனை மேலும் கீழும் பார்ப்பார்கள். தாங்கள் அறிந்ததை ஒரு பட்டயம்போல மார்பில் தொங்கவிட்டுத் திரிவார்கள். நாளையே இப்பாட்டு ஒரு திரைப்படத்தில் நுழைந்து தெருவெங்கும் ஒலிக்குமானால், முதலில் இதனைக் கைவிட்டு ஓடுபவர்கள் இவர்களே. பலர் கேட்டதனால் உயர்ந்தது என்பவனும், சிலரே கேட்டதனால் உயர்ந்தது என்பவனும் ஒரே தராசைத்தான் பிடித்திருக்கின்றனர். ஒருவன் தட்டை மாற்றிப் பிடித்திருக்கின்றான், அவ்வளவே. இருவருக்கும் தலையை எண்ணத் தெரியும். காதைப் பயன்படுத்தத் தெரியாது.

நாம் ஆதரித்துப் பேசுவது மற்றொரு சாராரை. தட்டை நண்பனுக்கு இரவல் கொடுத்தவர்கள். நாடாவில் பதிந்து தந்தவர்கள். "விளக்கை அணை, இரண்டு காதிலும் மாட்டிக்கொள், நடுப்பகுதி வரும்போது பேசாதே" என்று கட்டளையிட்டு அருகில் உட்கார்ந்திருந்தவர்கள். விளம்பரக் காசு ஒன்றுமில்லாமல், வானொலியின் தயவுமில்லாமல், ஒரு பாட்டை அரை நூற்றாண்டு காப்பாற்றி வந்தவர்கள் இவர்கள். சிறந்தது எதுவென்று கேட்டால் எண்ணைக் காட்டமாட்டார்கள். இந்த இடத்தில் குரல் திரும்பி வருவதைக் கேள் என்பார்கள். அதனை நாம் ஒப்பலாம், மறுக்கலாம். கானன் ஒரு சுற்றுக் குறைவாயிருந்தால் இன்னும் நன்றென்று நாமே சொல்வோம். ஆனால் வாதம் பாட்டுக்குள்ளேயே நடக்கின்றதன்றோ!

தொகுப்புத் தயாரிப்போரும் கைப்பேசிப் பட்டியல்காரரும் செய்த மற்றொரு கேட்டையும் சொல்லி நிறுத்துவோம். நெடுந்தட்டில் இப்பாட்டின் பெருமுழக்கம் ஓய்ந்ததும், தொடக்கத்துச் சிறு நரம்பிசை மீண்டும் மெல்ல வருகின்றது. அது முடிந்ததென்று சொல்ல முடியாதபடி இழைந்து அடுத்த பாட்டாகிய 'லவ் ஆஃப் மை லைஃப்' என்பதற்குள் நுழைகின்றது. 1981இல் தென்னமெரிக்க விளையாட்டரங்குகளில் மக்கள் திரள் முழுதும் ஒரே குரலாய்ப் பாடி மெர்க்குரியைத் திகைக்க வைத்த அன்புப் பாட்டு அதுவே. இன்று அதனை மட்டும் தனியே அறுத்தெடுத்துக் கேட்பவனுக்குப் பியானோ வெறும் நிசப்தத்திலிருந்து தொடங்குகின்றது. தட்டை வைத்துக் கேட்பவனுக்கோ, வெள்ளம் வடிந்த நிலத்தில், பதில் கிடைக்காத குரல் அப்பொழுதுதான் ஓய்ந்த இடத்திலிருந்து தொடங்குகின்றது.